அனந்தகிரி மலைக்கு ஒரு நாள் பயணம்: திட்டமிடுவோர் அறிய வேண்டியவை

ஹைதராபாத்: வார விடுமுறையைக் காட்டின் நிழலில் கழிக்க விரும்பும் ஹைதராபாத் மக்களின் முதல் தேர்வாக இருப்பது, தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் உள்ள அனந்தகிரி மலை. நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோ மீட்டர் தொலைவில் இருப்பதால், காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம்.

எப்போது செல்லலாம்?

இது இலையுதிர் காடு என்பதால் கோடையில் மரங்கள் வறண்டு நிற்கும். பருவமழை தொடங்கிய பின்னர் ஜூலை முதல் குளிர்காலம் முடியும் வரை செல்வது நல்லது. மழைக்காலத்தில் பாதைகள் வழுக்கும் என்பதால் பிடிமானமுள்ள காலணி அவசியம்.

எப்படிச் செல்வது?

செவெள்ளா வழியாகக் காரில் செல்ல சுமார் 2 மணி நேரம் ஆகும். விடுமுறை நாட்களில் இச்சாலையில் நெரிசல் மிகுதி என்பதால் காலை 6 மணிக்கே புறப்படுவது சிறந்தது. ரயிலில் விகாராபாத் சந்திப்பில் இறங்கினால், அங்கிருந்து ஆட்டோவில் மலைக்குச் செல்லலாம்.

என்ன பார்க்கலாம்?

அனந்த பத்மநாப சுவாமி கோயில், காட்டு நடைபாதைகள், பள்ளத்தாக்குக் காட்சிமுனை ஆகியவற்றைக் காண அரை நாள் போதும். நேரம் இருந்தால் கோட்டேபள்ளி நீர்த்தேக்கத்துக்கும் செல்லலாம். கார்த்திகை மாதத் திருவிழாவின்போது கோயிலில் கூட்டம் அலைமோதும் என்பதால், அமைதியை நாடுவோர் அந்நாட்களைத் தவிர்க்கலாம்.

ஏன் கூடுதல் கவனம் தேவை?

ஹைதராபாத்தின் நடுவே ஓடும் மூசி ஆறு பிறப்பது இம்மலையில்தான். 1908-ஆம் ஆண்டு நகரைச் சீரழித்த பெருவெள்ளத்துக்குப் பின், பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் பரிந்துரைப்படி இந்த ஆற்றின் குறுக்கே உஸ்மான் சாகர் கட்டப்பட்டது. 1920-இல் நிறைவடைந்த அந்த ஏரி, நகரின் ஒரு பகுதிக்கு இன்றும் குடிநீர் தருகிறது. எனவே, மலையில் வீசப்படும் நெகிழிப் பையும் உணவுக் கழிவும் மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டு நகரின் நீராதாரத்தையே சென்றடையக்கூடும்.

உணவையும் குடிநீரையும் எடுத்துச் செல்வோர், குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பையையும் உடன் வைத்திருப்பது நல்லது. குரங்குகளுக்கு உணவளிப்பதையும், காட்டுக்குள் தீ மூட்டுவதையும் தவிர்க்க வேண்டும். பாதையை விட்டு விலகாமல், இருள் சூழும் முன்பே கீழிறங்குவது பாதுகாப்பானது.