நல்ல அங்கன்வாடி எது?

கோவிந்தாபுரம் ஓர் எல்லை ஊர். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் மாந்தோப்புகள். பல வீடுகளில் பேசும் மொழி தமிழ்.

தோப்பு வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை அங்கன்வாடியில் விடுகிறார்கள். அது நல்ல இடம்தானா? எப்படித் தெரிந்துகொள்வது?

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. முதலில் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் மட்டுமே நடந்தது. இன்று ஊர்தோறும் அங்கன்வாடி இருக்கிறது. ஆனால், இருந்தால் மட்டும் போதுமா? தரமாகவும் இருக்க வேண்டும்.

தரம் என்பது சுவரில் தீட்டிய பொம்மைப் படம் அல்ல. 2013-இல் இந்திய அரசு சிறு குழந்தைகளின் கல்விக்காக ஒரு கொள்கையை வெளியிட்டது. தரத்துக்கான அளவுகள் அதில் உள்ளன. அவை அங்கன்வாடிக்கும் பொருந்தும். தனியார் மழலையர் பள்ளிக்கும் பொருந்தும்.

இடம்: 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் அறை வேண்டும். அதாவது சுமார் 25 அடி நீளம், 15 அடி அகலம். வெளியே விளையாடவும் இடம் வேண்டும்.

ஆள்: 3 முதல் 6 வயதுள்ள 20 குழந்தைகளுக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும்.

சுத்தம்: நல்ல குடிநீர், கழிப்பறை, கை கழுவும் வசதி வேண்டும். சமைக்கத் தனி இடம் வேண்டும். முதலுதவிப் பெட்டியும் வேண்டும்.

விளையாட்டு: இந்த வயதுக் குழந்தை விளையாடித்தான் கற்கிறது. பாட்டு, கதை, மணல், பொம்மை எல்லாமே பாடம்தான். 3 வயதுப் பிள்ளையைப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது தரம் அல்ல. அதன் விரல்களுக்கு இன்னும் அந்தப் பலம் வரவில்லை.

மொழி: தாய்மொழியில் கற்பிக்க வேண்டும். தமிழ் பேசும் பிள்ளைக்கு மலையாளம் மட்டுமே கேட்டால் என்ன ஆகும்? தண்ணீர் வேண்டும் என்று கேட்கவும் தயங்கும். மூலையில் உட்கார்ந்துவிடும். முதலில் அதன் மொழியில் பேச வேண்டும். பயம் போன பிறகு மலையாளமும் தானாக வரும்.

உணவு: 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் காலைச் சிற்றுண்டியும் சூடான சாப்பாடும் இலவசம். குழந்தையின் எடையை மாதந்தோறும் பார்த்துக் குறிக்க வேண்டும். அந்த அட்டையைத் தாய் கேட்டுப் பார்க்கலாம்.

கேரளத்தில் சில அங்கன்வாடிகள் ஐ.எஸ்.ஓ. தரச்சான்று பெற்றிருக்கின்றன. அது நல்லதுதான். ஆனால் சான்று தருபவர் எப்போதோ ஒரு நாள் வந்து பார்க்கிறார். தாயோ தினமும் வாசல்வரை போகிறார். தரத்தைத் தினமும் பார்க்க அவரால்தான் முடியும்.

குறை தெரிந்தால் முதலில் டீச்சரிடம் பேசலாம். குறை சில சமயம் அவருடையதாக இருக்காது. கட்டடமோ குடிநீரோ அவர் கையில் இல்லை. அப்போது வார்டு உறுப்பினரிடம் சொல்லலாம். கிராம சபையிலும் எழுந்து கேட்கலாம். ஒருவர் கேட்பதைவிடப் பத்துத் தாய்மார்கள் சேர்ந்து கேட்டால் பலம் அதிகம்.

இன்று மாலை பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னிக்கு என்ன விளையாடினே?" பிள்ளை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனால், அது ஒரு நல்ல அடையாளம்.