மூளையில் இன்சுலின்: சாவி உவமையின் எல்லை

முன்னுரை

நீரிழிவை விளக்கும் தமிழ் நூல்கள் பெரும்பாலும் இன்சுலினைச் சாவியாகவும் உயிரணுவைப் பூட்டிய அறையாகவும் உவமிக்கின்றன. தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் இவ்வுவமை ஏறத்தாழப் பொருந்தும், மூளைக்குப் பொருந்தாது. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் (2021) வந்தபின் புளியங்குடி போன்ற ஊர்களிலும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ‘சர்க்கரை மறதியைத் தருமா?’ என்ற வினாவும் உடன் எழுகிறது.

செய்தி செல்லும் வழி

நரம்பணுக்கள் குளுக்கோஸைப் பெரும்பாலும் குளுட்-3 என்னும் கடத்திப் புரதத்தின் வழியே பெறுகின்றன. அதற்கு இன்சுலின் தேவையில்லை. ஆயினும் எலியின் மூளையில் இன்சுலின் ஏற்பிகள் பரவலாக இருப்பதை ஹவ்ராங்கோவா குழுவினர் 1978இல் கண்டறிந்தனர். குளுக்கோஸை உள்ளே விடுவதற்கன்று எனில், அவை எதற்கு?

கணையத்தில் சுரக்கும் இன்சுலின், இரத்த-மூளைத் தடையைத் தனிக் கடத்தல் முறையால் கடக்கிறது. இக்கடத்தலுக்கு உச்ச வரம்பு உண்டு. இரத்தத்தில் இன்சுலின் பெருகினாலும் மூளைக்குள் அதே விகிதத்தில் பெருகாது. ஏற்பியின் வெளிப்பகுதியில் இன்சுலின் பிணைந்ததும், உட்பகுதியின் டைரோசின் அமிலங்களில் பாஸ்பேட் ஏறுகிறது. பின்னர் ஐ.ஆர்.எஸ். புரதம், பி.ஐ.3 கைனேஸ், ஏ.கே.டி. என்ற வரிசையில் செய்தி கைமாறுகிறது. ஏ.கே.டி., ஜி.எஸ்.கே.-3 என்னும் நொதியை அடக்குகிறது. இந்நொதி அடங்காதபோது டௌ புரதத்தில் பாஸ்பேட் மிகையாக ஏறும். அல்சைமர் நோயில் நரம்பணுக்களுக்குள் காணப்படும் முடிச்சுகள் அத்தகைய டௌவால் ஆனவை.

ஹைப்போதலாமஸில் இதே செய்தி பசியைத் தூண்டும் நரம்பணுக்களை அடக்குகிறது. புரூனிங் குழுவினர் 2000இல் மூளையில் மட்டும் இன்சுலின் ஏற்பி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினர். இன்சுலின் சாவியாயின் அவற்றின் மூளை பட்டினியால் வாடியிருக்க வேண்டும். மூளை இயல்பாகவே வளர்ந்தது; உடற்கொழுப்புத்தான் கூடிற்று, பெண் சுண்டெலிகள் மிகுதியாக உண்டன.

‘மூன்றாம் வகை நீரிழிவு’

2005 முதல் அல்சைமர் நோயை இப்பெயரால் சுட்டும் வழக்கம் பரவியது. இப்பெயர் அவசரப்பட்டு இட்டது என்பதே என் கருத்து. நீரிழிவுடையோருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பது உண்மை. ஆனால் அதில் சிறு இரத்தக்குழாய்களின் சிதைவுக்கும் பங்குண்டு. மூக்கின் வழியே இன்சுலின் செலுத்திய அமெரிக்க மருத்துவச் சோதனையில் (2020) 289 பேர் பங்கேற்றனர். 12 மாதங்களுக்குப் பின்னும் முதன்மைப் பகுப்பாய்வில் நினைவாற்றல் மேம்படவில்லை. இடையில் செலுத்துகருவி மாற்றப்பட்டதால் இம்முடிவை இறுதியானதாகக் கொள்வதற்கில்லை.

பெயர் செய்யும் தீங்கு வேறொன்று. மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொள்வோரில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது. அக்குறைவும் மறதியைத் தரும், உரிய காலத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் சீர்படும். ‘மூன்றாம் வகை’ என்று முத்திரையிடப்பட்ட முதியவருக்கு அந்த எளிய இரத்தப் பரிசோதனை செய்யப்படாமலே போகக்கூடும்.