கால்வாயைக் கடந்திருந்தால்?

1940 ஜூலை 16 அன்று, பிரிட்டன் மீது படையெடுக்க ஆயத்தமாகும்படி ஹிட்லர் ஆணையிட்டார். திட்டத்தின் பெயர் ‘கடல் சிங்கம்’. படைகளைத் தரையிறக்கும் கப்பல்கள் ஜெர்மனியிடம் இல்லை. ஆகவே ரைன் முதலிய ஆறுகளில் சரக்கு ஏற்றிய தட்டைப் படகுகள் சுமார் 2,400 திரட்டப்பட்டன. அவற்றின் முகப்பை வெட்டிச் சாய்தளம் பொருத்தி, டாங்கிகளின் பாரம் தாங்கத் தரையில் கான்கிரீட் இட்டார்கள். பெரும்பாலானவற்றில் இன்ஜினே கிடையாது; இழுவைப் படகுகள்தான் இழுத்துச் செல்ல வேண்டும். ஆற்றுக்கென்று கட்டிய படகுக்கு ஆங்கிலக் கால்வாயின் அலை சாதாரணமானதல்ல. வான் ஆதிக்கமும் கைகூடவில்லை. செப்டம்பர் 17 அன்று திட்டம் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

படையெடுப்பு நடந்திருந்தால்? 1974-இல் பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இது போர் விளையாட்டாக ஆராயப்பட்டது. நடுவர்களில் ஜெர்மன் விமானப்படையின் முன்னாள் ஜெனரல் அடால்ஃப் கேலண்டும் கடற்படையின் ஃப்ரீட்ரிக் ரூகேவும் இருந்தனர். எதிர்த்தரப்பினரே நடுவராக அமர்ந்தது இந்த ஆய்வுக்குத் தனி மதிப்பைத் தருகிறது. விளையாட்டின்படி, முதல் அணியில் சுமார் 90,000 ஜெர்மன் வீரர்கள் கரையேறுகிறார்கள்; ஆனால் லண்டனை எட்டவில்லை. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கால்வாய்க்குள் புகுந்து, குண்டும் உணவும் ஏற்றிவந்த அடுத்த படகு வரிசையைச் சிதறடிக்கின்றன. கரையில் சிக்கியவர்களில் பிரான்சுக்குத் திரும்பியவர்கள் 15,400 பேர் மட்டுமே.