கேட்பதும் கீழ்ப்படிவதும்: காணிக்கை ஈடாகுமா?

பிள்ளை சொன்னபடி நடக்காவிட்டால், "சொன்னால் கேட்க மாட்டாயா?" என்றுதான் தமிழ் வீடுகளில் தாய் கடிந்துகொள்வாள். அவள் சொன்னது பிள்ளையின் காதில் விழவில்லை என்பது அதன் பொருளல்ல. கேட்டதைச் செய்யவில்லை என்பதே பொருள். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எழுதப்பட்ட எபிரேய மொழியிலும் இதே வழக்கு உண்டு. அங்கே 'ஷமா' என்ற சொல் கேட்பதையும் குறிக்கும், கீழ்ப்படிவதையும் குறிக்கும். கடவுளின் வார்த்தையைக் கேட்டேன் என்று ஒருவர் சொன்னால், அதன்படி நடந்தாரா என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது.

கிறிஸ்தவ வாழ்வில் கீழ்ப்படிதலுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? இஸ்ரவேலின் முதல் அரசன் சவுலின் வரலாறு இதை விளக்குகிறது. 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தில் அது இடம்பெற்றுள்ளது.

அமலேக்கியரோடு போருக்குச் சென்ற சவுலுக்கு, எதையும் மீதம் வைக்கக் கூடாது என்பது கட்டளை. போரில் வென்ற சவுல், எதிரி அரசன் ஆகாக்கை உயிரோடு பிடித்து வந்தான். கொழுத்த ஆடுமாடுகளையும் தப்பவிட்டான். உதவாதவை மட்டுமே அழிக்கப்பட்டன. தீர்க்கதரிசி சாமுவேல் வந்தபோது, கட்டளையை நிறைவேற்றிவிட்டதாகவே சவுல் சொன்னான். அப்படியானால் ஆடுகளின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சாமுவேல் கேட்டார். மக்கள்தான் கொண்டுவந்தார்கள், ஆண்டவருக்குப் பலியிடவே அவை என்று சவுல் சமாதானம் சொன்னான்.

எத்தனை ஆடுகளைப் பலியிட்டாலும் மீறிய கட்டளைக்கு அது ஈடாகாது என்பதே சாமுவேலின் தீர்ப்பு. மக்களுக்குப் பயந்து அப்படிச் செய்ததாகச் சவுல் பிறகு ஒப்புக்கொண்டான். ஆனால், அரசுரிமை அவன் கையை விட்டுப் போனது.

சவுல் கட்டளையை அடியோடு மறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தனக்குப் பிடித்த பகுதியைச் செய்தான்; பிடிக்காததை விட்டுவிட்டு, அந்தக் குறையைப் பலியால் மூடப் பார்த்தான். இன்றைய விசுவாசிக்கும் இந்தச் சோதனை உண்டு. உபவாசம், ஜெபக்கூட்டம், தசமபாகம் எல்லாம் நல்லவைதான். ஆனால், செய்யாமல் விட்ட கடமைக்கு அவை மாற்றாகிவிடாது.

இயேசுவும் மலைப்பிரசங்கத்தில் இதையே வலியுறுத்துகிறார். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், தன் சகோதரனுக்குத் தன்மேல் மனக்குறை உண்டென்று ஒருவனுக்கு நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகும்படி சொல்கிறார். வீட்டுப் பங்குத் தகராறில் பல ஆண்டுகள் பேசாமல் இருந்துகொண்டு, ஞாயிறுதோறும் ஒரே ஆலயத்தில் வெவ்வேறு வரிசையில் அமரும் அண்ணன் தம்பிகளுக்கு இதைவிடக் கடினமான கட்டளை வேறு இல்லை.

மத்தேயு 21-ஆம் அதிகாரத்தில் இரு மகன்களின் உவமை வருகிறது. திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யத் தகப்பன் அழைக்கிறார். ஒருவன் முடியாது என்கிறான். பின்பு மனம் வருந்திப் போகிறான். மற்றவன் மரியாதையாகச் சரி என்கிறான்; போகவில்லை. தகப்பனின் விருப்பத்தைச் செய்தவன் யார் என்பதே இயேசுவின் கேள்வி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விடை சொல்லித் தரத் தேவையில்லை. காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, பால்மரம் வெட்டப் போகாதவனுக்கு அன்றைய கூலி ஏது? முதலில் மறுத்தவனும் திரும்பி வரலாம் என்பது இந்த உவமை தரும் ஆறுதல்.

கீழ்ப்படிதல் எப்போதும் எளிதாக இருப்பதில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வேதனையோடு போராடினார். அந்தத் துன்பம் தம்மை விட்டு நீங்கக் கூடாதா என்று ஜெபித்தார். இறுதியில் தம் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்திற்கு ஒப்படைத்தார்.

அதே வேளையில், கடவுளுக்குக் கீழ்ப்படிவது என்பது அவர் பெயரால் பேசும் எல்லா மனிதருக்கும் தலையாட்டுவதல்ல. எருசலேமின் சமயத் தலைவர்கள் போதிக்கக் கூடாதென்று தடை விதித்தபோது, பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று உறுதியாக நின்றனர். யார் எதைப் போதித்தாலும், அது வேத வசனத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதும் விசுவாசியின் கடமையே.

கீழ்ப்படிதல் பெரும்பாலும் வீட்டில்தான் தொடங்குகிறது. பேசாமல் இருக்கும் தம்பியின் வாசலுக்கு முதலில் போய் நிற்பதும் ஆண்டவருக்குச் செலுத்தும் காணிக்கைதான்.