புது சாப்ட்வேர் போட்டதும் கம்ப்யூட்டர் ஆமை வேகம் ஏன்?

"சர்வர் ஸ்லோங்க, கொஞ்சம் பொறுங்க" என்கிறார் கவுண்ட்டர் ஊழியர். நேற்று வரை பட்டனை தட்டியதும் வந்த ரசீது, இன்று 5 நிமிடம் ஆகியும் வரவில்லை. வரிசையில் நிற்கும் தினக்கூலிக்காரருக்கு அரைநாள் சம்பளம் போச்சு. விசாரித்தால், "ராத்திரிதான் புது சாப்ட்வேர் மாத்தினாங்க" என்று பதில் வரும்.

புதுசு என்றால் வேகம் கூடத்தானே வேண்டும்?

தகவல்களை சேமிக்கும் கிடங்குதான் டேட்டாபேஸ். லட்சம் பெயர்களில் ஒன்றை தேட அதற்கு 2 வழி உண்டு. பதிவேட்டை முதலில் இருந்து கடைசி வரை புரட்டலாம். அல்லது 'இண்டெக்ஸ்' என்ற வரிசைப் பட்டியலை பார்த்து நேராக போகலாம். எந்த வழி லாபம் என்று டேட்டாபேசே முடிவு செய்யும். இதற்காக, எந்த பதிவேட்டில் எத்தனை வரி, எந்த பெயர் எத்தனை தடவை வருகிறது என்று ஒரு குறிப்பு வைத்திருக்கும்.

சிக்கல் இந்த குறிப்பில்தான். பல நாடுகளில் பயன்படும் இலவச டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். 17-வது பதிப்பு வரை, 'பிஜி அப்கிரேடு' முறையில் மாறும்போது தகவல் பத்திரமாக வந்து சேரும். குறிப்பு மட்டும் வராது.

மளிகைக்கடையில் பழைய ஆள் நின்றுபோய் புது பையன் வந்த கதைதான். சரக்கு அதே அலமாரியில் இருக்கிறது. பையன் ஒவ்வொரு டப்பாவாக திறந்து பார்க்கிறான்.

இது தெரியாமல் சிலர் பெரிய மிஷின் வாங்க கிளம்பி விடுகிறார்கள். பணம்தான் வீண். 'அனலைஸ்' என்ற உத்தரவை ஓட்டினால் குறிப்பு திரும்ப எழுதப்பட்டு விடும். தானாக சரியாகும் என்றும் விட்டுவிட முடியாது. மாற்றமே நடக்காத பதிவேட்டுக்கு அது தானாக ஓடாது.

அப்படியும் சரியாகாவிட்டால்?

'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' என்று ஒரு உத்தரவு இருக்கிறது. டேட்டாபேஸ் போட்ட கணக்கையும், நிஜத்தில் நடந்ததையும் அருகருகே காட்டும். 1 வரி வரும் என்று நினைத்த இடத்தில் 1 லட்சம் வரி வந்திருந்தால் கோளாறு அங்கேதான். ஆனால் ஜாக்கிரதை! அழிக்கும் உத்தரவை இதில் கொடுத்தால் தகவல் நிஜமாகவே அழிந்து விடும்.

மைக்ரோசாப்ட்டின் எஸ்.கியூ.எல். சர்வரில் கதை வேறு. 2014 பதிப்பில் கணக்கு போடும் முறையையே மாற்றினார்கள். அதில் சில தேடல்கள் படுத்து விட்டன. பழைய முறைக்கே திரும்பவும் அதில் வசதி உண்டு.

2025-ல் வெளியான போஸ்ட்கிரெஸ் 18-ல் குறிப்பும் கூடவே வந்து விடுகிறது. என்ஜினீயர்கள் தனியாக சொல்லி உருவாக்கிய சில குறிப்புகள் மட்டும் வராது. அதற்கு மறுபடியும் அனலைஸ்தான்.