முட்டைக் கோழித் தீவனத்தில் வாசனைத் தைலங்கள்

ஓமம், கிராம்பு, இலவங்கப்பட்டை, பூண்டு ஆகியவை இந்திய இல்லங்களில் சமையற் சரக்குகளாகவும் கைமருந்துகளாகவும் நெடுங்காலமாய் வழங்கி வருபவை. வயிற்று மந்தத்திற்கு ஓமநீர் அருந்துவதும், பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தடவுவதும் யாவரும் அறிந்த வழக்கங்களே. இத்தகைய தைலங்களை மிகச் சிறிய அளவில் முட்டைக் கோழிகளின் தீவனத்தில் கலக்கும் முறை இப்பொழுது பல நாடுகளில் பரவி வருகிறது. இந்தியச் சந்தையிலும் இவ்வகைச் சேர்ப்புப் பொருள்கள் பற்பல பெயர்களுடன் விற்கப்படுகின்றன. இவை எவ்வாறு வேலை செய்கின்றன, இவற்றால் பண்ணையாளர் எதிர்பார்க்கத் தக்கது யாது, தகாதது யாது என்பவற்றை விரிவுப் பணியாளர்களும் ஆசிரியர்களும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

இந்தியாவின் முட்டை உற்பத்தி 2023-24ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14,277 கோடி என மத்திய அரசாங்கத்தின் கால்நடைப் புள்ளிவிவரங்கள் தெரிவிக்கின்றன. ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்கள், தமிழ்நாட்டின் நாமக்கல், ஹரியானாவின் பர்வாலா ஆகிய வட்டாரங்களில் பல்லாயிரக்கணக்கான கோழிகளைக் கொண்ட பண்ணைகள் நெருங்கி அமைந்துள்ளன. இப்பண்ணைகளின் செலவில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் தீவனத்திற்கே ஆகிறது. ஆதலின் தீவனத்தில் எப்பொருளைச் சேர்ப்பது என்பது பண்ணையாளரின் இலாப நஷ்டத்தை நேரடியாகத் தொடும் கேள்வியாகும்.

மருந்திட்ட தீவனத்தின் வரலாறு

1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சிகளில், நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளைச் சிறிதளவு தீவனத்தில் கலந்தால் கோழிக் குஞ்சுகள் விரைந்து வளர்வது தெரிய வந்தது. 1951ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் மருத்துவரின் சீட்டின்றியே இம்மருந்துகளைத் தீவனத்தில் சேர்க்க அனுமதி அளிக்கப்பட்டது. வழக்கம் உலகெங்கும் பரவிற்று. ஆயின், நோயுற்ற பறவைக்குச் சில நாட்கள் மருந்து கொடுப்பது வேறு. நோயற்ற பறவைகளுக்கு ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகக் கொடுப்பது வேறு. பின்னைய முறையில் மருந்தால் மாளாத கிருமிகள் மட்டுமே தப்பிப் பெருகுகின்றன. அவை எச்சத்தின் வாயிலாகவும், நீர், இறைச்சி, முட்டை ஓடு ஆகியவற்றின் வாயிலாகவும் மனிதரை அடையக் கூடும். அப்பொழுது மனிதருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் பயன் கிட்டுவதில்லை.

இவ்வாபத்தை உணர்ந்து ஸ்வீடன் நாடு 1986இல், வளர்ச்சிக்காக இம்மருந்துகளைத் தீவனத்தில் சேர்ப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006 ஜனவரி 1 முதல் இத்தடை நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில், மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்காக வளர்க்கப்படும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதை மத்திய அரசாங்கம் 2019 ஜூலையில் தடை செய்தது. இம்மருந்துகள் விட்டுச் சென்ற இடத்தை நிரப்பத் தேடப்பட்ட பொருள்களுள் வாசனைத் தைலங்களும் அடங்கும்.

தைலங்களின் இயல்பு

கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை கொழுப்புகள். அவை காற்றில் ஆவியாக மறைவதில்லை. வாசனைத் தைலங்களோ எளிதில் ஆவியாகும் தன்மையுடையவை. செடியின் இலை, பட்டை, விதை முதலியவற்றினூடே நீராவியைச் செலுத்தி, அந்த ஆவியைக் குளிர்வித்து இவற்றை வடித்தெடுப்பர். இவ்வேறுபாட்டை வகுப்பறையில் எளிதில் விளக்கலாம். மை ஒற்றும் தாளில் ஒரு பக்கம் கடலை எண்ணெயும் மறுபக்கம் யூகலிப்டஸ் தைலமும் ஒவ்வொரு துளி இட்டு வைத்தால், கடலை எண்ணெயின் கறை நிலைத்து நிற்க, தைலத்தின் கறை சிறிது நேரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஒவ்வொரு தைலமும் பல இரசாயனப் பொருள்களின் கலவை. ஓமத் தைலத்தின் முக்கியப் பொருள் தைமால். நாட்டு மருந்துக் கடைகளில் ஓம உப்பு எனப்படும் படிகப் பொருள் இதுவே. மத்தியதரைக் கடற்பகுதியில் விளையும் ஓரிகானோ என்னும் மூலிகையில் கார்வக்ராலும், கிராம்பில் யூஜினாலும், இலவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடும் மிகுதியாக உள்ளன. செடியின் இரகம், விளைந்த மண், அறுவடைக் காலம் ஆகியவற்றுக்கேற்ப இவற்றின் விகிதம் மாறும். எனவே ஒரே பெயர் தாங்கிய இரு தைலங்கள் ஒரே பயனைத் தரும் எனக் கொள்ளுதல் தவறு.

குடலினுள் நிகழ்வது

தைமால், கார்வக்ரால் ஆகிய பொருள்கள் கொழுப்பில் கரைபவை. நுண்ணுயிரின் மேற்சவ்வும் கொழுப்பாலானது. ஆகவே இப்பொருள்கள் அச்சவ்வினுள் புகுந்து அதன் கட்டுக்கோப்பைக் குலைக்கின்றன. உயிரணுவினுள் இருக்க வேண்டிய பொட்டாசியம் முதலியவை வெளியே கசிந்து, நுண்ணுயிர் வலுவிழந்து மடிகிறது. அன்றியும் இத்தைலங்கள் செரிமான நீர்களின் சுரப்பைத் தூண்டுவதாகவும், கொழுப்பு சிக்குப் பிடிப்பதைத் தடுப்பதாகவும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. தைலத்தை அப்படியே கலந்தால் அதன் பெரும்பகுதி குடலின் முற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நுண்ணுயிர்கள் மிகுந்திருக்கும் பிற்பகுதியைச் சென்றடைவது சொற்பமே. ஆதலின் தைலத்துளிகளைக் கொழுப்பு உறையினுள் அடக்கித் தூளாக்கும் முறை கையாளப்படுகிறது. இவ்வுறை, சேமிப்பின்போது தைலம் ஆவியாவதையும் பெருமளவு தடுக்கிறது.

வெப்பமும் முட்டை ஓடும்

ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து அடங்கியுள்ளது. இதனைக் கோழி ஏறத்தாழ 20 மணி நேரத்தில், பெரும்பாலும் இரவில், ஓடாக அமைக்கிறது. கோடைக்காலத்தில் வெப்பம் 30 டிகிரி செல்சியஸுக்கு மேற்செல்லும்போது கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்கிறது. வியர்வைச் சுரப்பிகள் இல்லாமையால் வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. அவ்வாறு இரைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு மிகுதியாக வெளியேறுவதால் ஓடு அமைவதற்கான மூலப்பொருள் குறைந்து, ஓடு மெலிகிறது. குடலுக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் குறைந்து, குடற்சுவர் நலிகிறது. இத்தகைய நெருக்கடிக் காலத்தில் குடலுக்குத் துணை செய்யும் பொருள் பயன்பட இடமுண்டு. எனினும் நிழலும், காற்றோட்டமும், குளிர்ந்த நீரும் தரும் பயனுக்கு எத்தைலமும் ஈடாகாது.

சோதனைகள் காட்டுவது

சோதனைகளின் முடிவுகள் யாவும் ஒரே தன்மையனவல்ல. கிரேக்க நாட்டில் நடந்த சோதனைகளில் ஓரிகானோத் தைலம் கலந்த தீவனம் உண்ட கோழிகளின் முட்டை எண்ணிக்கையில் வேறுபாடு தோன்றவில்லை. ஆயின் மஞ்சட்கருவின் கொழுப்பு சிக்குப் பிடிப்பது குறைந்தது. வேறு சில சோதனைகளில் உற்பத்தியும் தீவனப் பயன்பாடும் சிறிது உயர்ந்தன. சிலவற்றில் எவ்வகை மாறுதலும் இல்லை. இதில் வியப்பில்லை. தூய்மையான கொட்டகையில், சரிவிகிதத் தீவனம் உண்டு, நோயின்றி வாழும் கோழியிடம் மேலும் திருத்துவதற்கு எஞ்சியிருப்பது சிறிதே. வெப்பம், மட்டமான தீவனம், குடற்கோளாறு ஆகியவை நிலவும் இடங்களிலேயே வேறுபாடு தென்படுவதற்கு வாய்ப்பு அதிகம்.

கலக்கும் முறை

சோதனைகளில் பெரும்பாலும் கிலோகிராம் தீவனத்திற்கு 50 முதல் 300 மில்லிகிராம் வரை தைலம் சேர்க்கப்பட்டுள்ளது. 150 மில்லிகிராம் எனக் கொண்டால் ஒரு டன் தீவனத்திற்கு 150 கிராம் தைலமே தேவை. கடையில் விற்கும் தூளில் தைலம் நூற்றுக்கு 10 பங்கு இருப்பின், டன்னுக்கு ஒன்றரைக் கிலோ தூள் வேண்டும். எனவே பையின் விலையை மட்டும் பாராது, அதில் அடங்கிய தைலத்தின் விகிதத்தையும் கேட்டறிதல் வேண்டும்.

இச்சிறு அளவை ஒரு டன் தீவனத்தில் நேரடியாகக் கொட்டினால் சீராகப் பரவாது. முதலில் அதனை 5 கிலோ தவிட்டுடன் கலந்து, பின்னர் 50 கிலோ மக்காச்சோள மாவுடன் கலந்து, அதன் பின்னரே முழுத் தீவனத்தில் சேர்த்தல் வேண்டும். கலந்த தீவனத்தை வெயில் படாத இடத்தில் மூட்டையின் வாயைக் கட்டி வைத்து, நாள்பட வைக்காமல் பயன்படுத்துதல் நன்று. அளவு மிகுந்தால் வாசனையின் காரணமாகக் கோழிகள் தீவனத்தை வெறுப்பதுண்டு. ஆதலால் குறித்த அளவை மீறலாகாது.

வரவு செலவுக் கணக்கு

ஒரு கோழி நாளொன்றுக்கு சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். நூறு கோழிகள் 11 கிலோ தின்னும். டன்னுக்கு அரைக் கிலோ வீதம் சேர்க்கும் தூளின் விலை கிலோ 800 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 11 கிலோ தீவனத்திற்கு ஐந்தரை கிராம் தூள் செலவாகும். அதன் விலை 4 ரூபாய் 40 காசு. பண்ணை வாயிலில் முட்டை விலை 5 ரூபாயாயின், நூறு கோழிகள் நாள்தோறும் ஒரு முட்டை கூடுதலாகத் தந்தால் மட்டுமே செலவு ஈடாகிச் சிறிது மிஞ்சும். உடையும் முட்டைகள் நூற்றுக்கு ஒன்று குறைந்தாலும் ஏறக்குறைய இதே பயன் உண்டு. இரண்டும் நேராதபோது அத்தூள் வீண் செலவே.

நேர்ந்ததா, இல்லையா என்பதை நினைவைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது. இம்மாதக் கணக்கைச் சென்ற மாதக் கணக்கோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. ஏனெனில் இதற்கிடையில் கோழிகளின் வயதும் பருவநிலையும் மாறியிருக்கும். ஒரே வயதும் இனமும் உடைய கோழிகளை ஒரே கொட்டகையில் மாற்று வரிசைகளாகப் பிரித்து, ஒரு வரிசைக்குத் தைலமிட்ட தீவனமும் அடுத்த வரிசைக்கு வழக்கமான தீவனமும் எட்டு வாரங்களுக்குக் குறையாது கொடுத்து வருதல் வேண்டும். முட்டை எண்ணிக்கை, உடைந்த முட்டைகள், தின்ற தீவனம், இறப்பு ஆகிய நான்கையும் நாள்தோறும் ஏட்டில் குறித்து வந்தால் உண்மை விளங்கும். இக்கணக்கேட்டைத் தொடங்கி வைப்பது விரிவுப் பணியாளர் பண்ணையாளருக்குச் செய்யக்கூடிய பேருதவியாகும்.

தைலத்தால் ஆகாதவை

வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசியே காப்பு; எத்தைலமும் அதற்கு மாற்றாகாது. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்திலும் பிண்ணாக்கிலும் உள்ள அஃப்லடாக்சின் நஞ்சைத் தைலம் நீக்காது. அத்தகைய சரக்கை விலக்குவதே வழி. நோய் தோன்றியபின் கால்நடை மருத்துவரை நாடாமல் தைலத்தை நம்பியிருப்பது ஆபத்து. தேவைப்பட்டபோது மருத்துவர் குறிக்கும் மருந்தை, குறித்த நாட்கள் கொடுத்து, அக்காலத்தும் அதன்பின் அவர் கூறும் நாட்கள் வரையிலும் முட்டைகளை விற்காதிருத்தல் பண்ணையாளரின் கடமை.

தடுப்பூசி, தூய நீர், நல்ல தீவனம், காற்றோட்டமுள்ள கொட்டகை ஆகிய நான்கும் செவ்வனே அமைந்த பண்ணையில் வாசனைத் தைலம் ஒரு துணைப்பொருளாக இடம்பெறலாம். இவை அமையாத பண்ணையில் முதற் செலவை இவற்றிற்கே செய்தல் வேண்டும். நாள்தோறும் மருந்திடும் வழக்கத்தைக் கைவிட இவை உதவுமளவிற்கு, மனிதரின் நோய்களுக்கென வைத்திருக்கும் மருந்துகளின் ஆற்றலும் காக்கப்படும்.