படகின் மோட்டாரும் அதன் பொருத்துமிடமும்

படகும் அதே, மோட்டாரும் அதே. எனினும் மோட்டாரை ஓரங்குலம் உயர்த்தினாலும் படகின் ஓட்டம் மாறிவிடுகிறது. இதன் காரணத்தை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஏரிகளில் ஓடும் 'பாஸ் படகு' நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பாஸ் என்பது வட அமெரிக்காவின் நன்னீர் நிலைகளில் வாழும் மீன். அதைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதற்கென்றே ஒரு தனிவகைப் படகை 1948-ஆம் ஆண்டில் லூயிசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரில் ஹோம்ஸ் தர்மண்ட் என்பவர் கட்டினார். 1967-இல் ஆர்க்கன்சா மாநிலத்துப் பீவர் ஏரியில் ரே ஸ்காட் நடத்திய போட்டிக்குப் பின்னர் இவ்விளையாட்டு நாடெங்கும் பரவிற்று. போட்டி வளர வளர வேகத்தின்மீது நாட்டமும் வளர்ந்தது. இன்று இப்படகுகளில் 250 குதிரைச் சக்தியுள்ள மோட்டார்களும் பொருத்தப்படுகின்றன.

படகின் பின்புறத்தை அடைக்கும் பலகையின் வெளிப்பக்கத்தில் மாட்டப்படுவதால் இதற்கு அவுட்போர்டு மோட்டார் என்று பெயர். பின்பலகைக்கும் மோட்டாருக்கும் இடையே 'ஜாக் பிளேட்' எனப்படும் உலோகச் சட்டம் ஒன்றை வைத்து, மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி உயர்த்தலாமா என்பதே பாஸ் படகு உரிமையாளர் பலர் எதிர்கொள்ளும் கேள்வி.

இதனால் விளையும் நன்மை யாது? படகின் அடிப்பாகத்தைக் கடந்த நீர் சற்றே மேலெழும்புகிறது. ஆகவே பின்னால் தள்ளி வைக்கப்பட்ட மோட்டாரை உயர்த்தினாலும் அதன் விசிறிக்குப் போதிய நீர் கிடைக்கும். மோட்டாரின் கீழ்ப்பகுதி நீரில் குறைவாக அமிழ்வதால் நீரின் தடையும் குறைகிறது. ஆழமற்ற இடங்களிலும் படகு செல்ல இயலும்.

அளவு மீறி உயர்த்தினாலோ, விசிறி மேற்பரப்பிலிருந்து காற்றை உள்ளிழுக்கும். அப்போது மோட்டார் வேகமாகச் சுழலும், படகோ முன்னேறாது. குளிர்விக்கும் நீர் புகும் துவாரங்கள் நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் மோட்டார் சூடேறிக் கெடும். விசிறி காற்றை இழுப்பது வேறு. அழுத்தக் குறைவால் நீரே ஆவியாகிக் குமிழிகள் தோன்றுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். மாணவர்களுக்கு இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் தெளிவாக்குதல் நன்று.

அடுத்து, பின்பலகை தாங்கும் பளுவைக் கவனிப்போம். மோட்டாரின் எடை 230 கிலோகிராம் என்றும், அதன் எடைமையம் பின்பலகையிலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது என்றும் கொள்வோம். மோட்டாரை மேலும் 25 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் அத்தொலைவு 55 சென்டிமீட்டர் ஆகிறது. மோட்டாரின் எடை கூடவில்லை. ஆயினும் நெம்புகோல் விதிப்படி, பலகையை வளைக்கும் திருப்புதிறன் ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது. சட்டத்தின் எடை இதில் சேர்க்கப்படவில்லை. அலையில் படகு குதித்து விழும்போது பலகை தாங்கும் விசை இதனினும் பெரிது.

பழைய கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றில் பின்பலகையின் உள்ளே ஒட்டுப்பலகை உண்டு. திருகாணித் துளைகளின் வழியே நீர் கசிந்தால் அது உள்ளேயே உளுத்துப்போகும். வெளித்தோற்றத்தில் குறை தெரியாது. சிறு சுத்தியால் தட்டினால் உறுதியான இடத்தில் கணீரென்றும், உளுத்த இடத்தில் மந்தமாகவும் ஒலி எழும். மோட்டாரைப் பிடித்து அசைக்கும்போது பலகையும் அசைந்தாலோ, மூலைகளில் வெடிப்புக் காணப்பட்டாலோ, மாற்றத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. பழுதுபார்ப்பதே முதல் வேலை.

எடை பின்னுக்குச் செல்வதால் படகின் பின்விளிம்பும் நீரை நோக்கித் தாழ்கிறது. விரைந்து செல்லும் படகைத் திடீரென நிறுத்தினால், அது எழுப்பிய அலையே பின்புறமாக ஏறி உள்ளே பாயக்கூடும். ஆதலால் இங்கு உயிரும் கணக்கில் சேர்கிறது. 1971-ஆம் ஆண்டின் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வகுத்த விதிகளின்படி, 20 அடிக்குக் குறைந்த ஒற்றையடிப் படகுகளில் ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கை, மொத்தப் பளு, மோட்டாரின் உச்சசக்தி ஆகியவற்றைக் குறிக்கும் தகடு அமெரிக்காவில் பொருத்தப்பட வேண்டும். அவ்வரம்பை ஜாக் பிளேட் உயர்த்திவிடாது.

அங்ஙனமாயின் முடிவு செய்வது எவ்வாறு? செலவில்லாத சோதனைகளை முதலில் செய்ய வேண்டும். மோட்டாரின் தாங்கியிலேயே, பெரும்பாலும் முக்கால் அங்குல இடைவெளியில், பல துளைகள் உள்ளன. ஒரு துளையளவு உயர்த்தி ஓட்டிப் பார்க்கலாம். ஒரு சமயத்தில் ஒரே மாற்றம்; அதே எரிபொருள், அதே ஆட்கள்; காற்றை எதிர்த்தும் காற்றோடும் ஓட்டிச் சராசரி காணுதல்; சுழற்சி வேகத்தையும் குளிர்நீரின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுதல்—இவையே முறை. விசிறியை மாற்றுவதாலோ சுமையை முன்னே நகர்த்துவதாலோ குறை தீருமாயின் சட்டம் தேவையில்லை. ஆழமற்ற நீரில் அடிக்கடி செல்லும் தேவையும், உறுதியான பின்பலகையும், போதிய விளிம்பு உயரமும் ஒருங்கே இருந்தால் மட்டுமே இம்மாற்றம் தகும். சிறிதளவு வேகத்துக்காக மட்டும் இதைச் செய்தல் விவேகமன்று.

நம் நாட்டுக் கடற்கரைகளிலும் அவுட்போர்டு மோட்டார் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் பல ஓடுகின்றன. அமைதியான ஏரிக்குப் பொருந்தும் விடை கரையலையைக் கடக்கும் படகுக்குப் பொருந்தாது. அங்கே விசிறி நீரைவிட்டு வெளிப்படாமலிருப்பதே வேகத்தினும் முக்கியம். விடைகள் மாறினும் வினாக்கள் மாறுவதில்லை: பலகை உறுதியானதா? எடை எங்கே நிற்கிறது? விளிம்பு எவ்வளவு உயரத்தில் உள்ளது? அளந்து பார்த்தாயிற்றா? மோட்டாரின் இடத்தை மாற்ற எண்ணும் மீனவரிடம் களப்பணியாளர்கள் இந்நான்கையும் கேட்டு, விடை கிடைத்த பின்னரே துளையிட இசைவு கூறுவார்களாக.